பாலிசிஸ்டிக் கிட்னி, பி.பி., இதயம்: வரிசையில் காத்திருப்பவர்கள் கேட்பவை

மதுரையிலிருந்து சிறுநீரக டாக்டர் வாரம் ஒருநாள் வந்து பார்க்கும் காரைக்குடி கிளினிக் ஒன்றில், வெளியே உட்கார்ந்து பி.பி. பார்த்து எழுதுவது என் வேலை. டாக்டரிடம் கேட்கத் தயங்கும் சந்தேகமெல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். ஊர் மாறினாலும், தேவகோட்டையோ பள்ளத்தூரோ கானாடுகாத்தானோ, கேள்வி மாறுவதில்லை. அதனால் கேட்ட மாதிரியே எழுதி, டாக்டரிடம் சரிபார்த்து, ஒரே இடத்தில் வைத்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

"கிட்னியில நீர்க்கட்டின்னு ஸ்கேன்ல வந்திருக்கு. வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே?"

ஒன்றிரண்டு கட்டி என்றால் ஆமாம். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு அப்படி ஒரு சாதாரணக் கட்டி தெரிவது சகஜம், பெரும்பாலும் அது ஒன்றும் செய்யாது. சினைப்பையில் வரும் நீர்க்கட்டியும் வேறு கதை. அந்த ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு சிறுநீரக டாக்டரைத் தேடி வந்த பெண்கள் உண்டு.

இங்கே பேசுவது இரண்டு சிறுநீரகத்திலும் கொத்துக்கொத்தாகக் கட்டி வந்து, வருடா வருடம் பெருத்துக்கொண்டே போகும் பரம்பரை நோய், பாலிசிஸ்டிக் கிட்னி. ரிப்போர்ட்டில் ஏ.டி.பி.கே.டி. என்று போட்டிருக்கும். பெரும்பாலானவர்களுக்கு 16ஆம் குரோமோசோமில் உள்ள பி.கே.டி.1 மரபணுவில் பிழை இருக்கும். சிலருக்கு 4ஆம் குரோமோசோமில் உள்ள பி.கே.டி.2. முதல் வகை வேகமானது, ஐம்பதுகளிலேயே டயாலிசிஸ் வரை கொண்டுபோய்விடக்கூடும். இரண்டாவது சராசரியாக 20 வருடம் பின்னால் வரும்.

"கிரியேட்டினின் நார்மலாத்தான் இருக்கு. 30 வயசுல பி.பி. மட்டும் ஏன் ஏறணும்?"

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். நம் குடும்பங்களில் எல்லோரும் கிரியேட்டினினையே, அதாவது சிறுநீரகம் சரியாக வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவின் அளவையே, பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "1.0தான் இருக்கு, டாக்டர் பயப்பட வேண்டாம்னாக" என்று சந்தோஷமாக வருவார்கள், கையில் பி.பி. பட்டையைக் கட்டினால் 156/98 காட்டும். இந்த நோயில் முதலில் ஏறுவது பி.பி. கிரியேட்டினின் ஏறுவது பல வருடம் கழித்து. சிறுநீரகத்தின் வேலைத்திறன் குறைவதற்கு முன்பே பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்த அழுத்தம் வந்துவிடுகிறது. வரும் வயது சராசரியாக 30 பக்கம்.

காரணம் இதுதான். கட்டி பெருக்கப் பெருக்க, பக்கத்தில் ஓடும் சின்ன ரத்தக்குழாய்களை அழுத்தி நசுக்குகிறது. அந்தப் பகுதிக்கு ரத்தம் குறைகிறது. சிறுநீரகமோ உடம்பு முழுவதற்கும் ரத்தம் குறைந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு, ரெனின் என்ற பொருளைச் சுரக்கிறது. அதைத் தொடர்ந்து ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, உப்பும் நீரும் உடம்பில் தங்குகின்றன, பி.பி. ஏறுகிறது. அந்த மரபணு ரத்தக்குழாயின் உள்சுவரிலும் வேலை செய்வதால், குழாய் விரிந்து கொடுப்பதும் குறைகிறது.

மிச்சமிருக்கும் நல்ல பகுதி பெரும்பாலும் ஈடு கட்டிவிடுவதால் கிரியேட்டினின் நீண்ட காலம் அப்படியே நிற்கும். அதை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். அந்த வருடங்களில் அடி வாங்குவது இதயம். டயாலிசிஸ் வந்த பிறகு இந்த நோயாளிகளின் உயிரை எடுப்பதில் சிறுநீரகத்தைவிட இதயத்துக்குத்தான் பங்கு அதிகம்.

"எங்க அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) இருக்கு. அண்ணனுக்கு வந்துருச்சு, அப்ப நான் தப்பிச்சேன்ல?"

இல்லை. தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அண்ணனுக்கு வந்தது உங்கள் கணக்கில் சேராது. ஆண் பெண் வித்தியாசமும் கிடையாது. "எங்க வீட்டுப் பொண்ணுகளுக்கு வராது" என்று சொல்லும் வீடுகளில் பெண்களுக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்ததே இல்லை, அவ்வளவுதான். மரபணு வராமல் தப்பித்தவர் அதைத் தன் பிள்ளைக்குக் கொடுக்கவும் முடியாது, ஒரு தலைமுறையைத் தாண்டிக் குதிக்காது. அரிதாக, குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் ஒருவரிடம் புதிதாகவும் தோன்றும்.

"சொந்தத்துல கட்டுனதாலதான் வந்துச்சுன்னு ஆயா சொல்றாகளே?"

இந்த நோய்க்கு அது காரணமில்லை. பிழையான மரபணு ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே போதும், அன்னியத்தில் கட்டினாலும் வரும். சொந்தத்தில் கட்டுவதால் வாய்ப்பு கூடுவது வேறொரு வகைக்கு. குழந்தையிலேயே வரும் அந்த அரிய வகைக்கு இரு பக்கத்திலிருந்தும் பிழை வர வேண்டும்.

ஆனால் ஒன்று. நோய் இருக்கும் குடும்பத்துக்குள்ளேயே அம்மான் மகளையோ அயித்தை மகளையோ கட்டும்போது, இருவரிடமும் அதே மரபணு இருந்துவிட்டால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு பாதியைத் தாண்டும், நோயும் கடுமையாக இருக்கும். கோயில் பார்த்து, பங்காளி விலக்கிப் பேசும் நாம் இதையும் ஒரு வார்த்தை பேசிவிடுவது நல்லது. மறைத்துக் கட்டி வைத்து, முதல் பிரசவத்தில் பி.பி. ஏறும்போது வெளிவந்தால், அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் யாரையும் நம்புவதில்லை.

"இங்க பார்த்தா 150. வீட்ல பார்த்தா 125. எதை நம்புறது?"

ஒழுங்காக எடுத்திருந்தால் வீட்டு அளவை நம்பலாம். "ஒழுங்காக" என்பதில்தான் சிக்கல். மாடி ஏறி வந்த மூச்சோடு, காபி குடித்த கையோடு, பேசிக்கொண்டே எடுத்தால் 10, 15 கூடக் காட்டும். காபி குடித்து அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், மூத்திரம் போய்விட்டு வந்திருக்க வேண்டும். முதுகு சாய்ந்து, கால் தரையில் படிய, 5 நிமிடம் சும்மா உட்காருங்கள். திண்ணையில் சம்மணம் போட்டு வேண்டாம். கை இதயத்தின் உயரத்தில் மேஜையில் இருக்கட்டும். பட்டை வெறும் கையில் இருக்க வேண்டும், சட்டையைச் சுருட்டி இறுக்கிவிட்டு அதற்குக் கீழே அல்ல. பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் அளவு கூடவே காட்டும். மணிக்கட்டில் கட்டும் மிஷின் வேண்டாம்.

காலையில் மாத்திரைக்கு முன் 2 முறை, இரவு படுக்கும் முன் 2 முறை, ஒரு நிமிட இடைவெளியில். ஒரு வாரம் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு மிச்சத்துக்குச் சராசரி போடுங்கள். வந்ததை வந்தபடி எழுதுங்கள். நல்லதாக வரும் வரை திரும்பத் திரும்ப எடுத்து அந்த ஒன்றை மட்டும் எழுதி வரும் பெரியவர்களை எனக்குத் தெரியும். நோட்டில் எல்லா நாளும் 120/80 என்று இருக்கும்போதே புரிந்துவிடும்.

இதற்கு நேர் எதிராகவும் நடக்கும். கிளினிக்கில் நன்றாக இருந்து வீட்டில் ஏறியிருப்பவர்களும் உண்டு. இந்த நோயில் அதைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும்.

"24 மணி நேரமும் மிஷின் கட்டிக்கிட்டு இருக்கச் சொல்றாக. தூங்கயில என்ன பி.பி.?"

தூங்கும்போது பி.பி. பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும். இதயத்துக்கும் குழாய்களுக்கும் கிடைக்கும் ஓய்வு அதுதான். பாலிசிஸ்டிக் கிட்னி உள்ளவர்கள் பலருக்கு இந்த இறக்கம் சரியாக இருப்பதில்லை, பகல் பி.பி. நார்மலாக இருக்கும் இளைஞர்களுக்குக்கூட. பகல் 128, ராத்திரியும் 126 என்றால் எந்த நேரத்தில் கிளினிக்குக்கு வந்தாலும் நன்றாகத்தான் தெரியும், ஆனால் இதயத்துக்கு 24 மணி நேரமும் பகல்தான்.

இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி, கையில் பட்டை. பகலில் அரை மணிக்கு ஒருமுறையும் இரவில் அதைவிடக் குறைவாகவும் தானே ஊதி அளக்கும். அன்றைக்கு ராத்திரி தூக்கம் கொஞ்சம் கெடும், அது உண்மைதான். ஊதும்போது கையை அசைக்காமல் வைத்துக்கொண்டால் போதும். தூக்கத்தில் சராசரி 120/70க்குக் கீழே இருக்க வேண்டும். குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று திணறுபவராக இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ராத்திரி பி.பி. இறங்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

"எனக்கு 110க்குள்ள வேணுங்கறாக, எங்க ஐயாவுக்கு 130 போதும்னாக. ஒரே நோய்க்கு ரெண்டு கணக்கா?"

ஆமாம், ரெண்டு கணக்குதான். அமெரிக்காவில் நடந்து 2014இல் வெளியான ஹால்ட் பி.கே.டி. ஆய்வில், சிறுநீரகம் நன்றாக வேலை செய்யும் 15 முதல் 49 வயது வரையிலானவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான 120/70 முதல் 130/80. இன்னொரு பிரிவுக்கு 95/60 முதல் 110/75. குறைத்து வைத்தவர்களுக்குச் சிறுநீரகம் பெருக்கும் வேகம் சுமார் 14 சதவீதம் குறைந்தது, இதயத் தசையின் தடிப்பும் கூடுதலாகக் குறைந்தது, மூத்திரத்தில் புரதம் போவதும் குறைந்தது. ஆனால் சிறுநீரகத்தின் வேலைத்திறன் இறங்குவதில் மொத்தத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தலைசுற்றல் கூடுதலாக இருந்தது.

ஆக, இளவயது, சிறுநீரகம் நல்ல நிலை, உடம்பு தாங்குகிறது என்றால் 110/75 வரை இறக்கப் பார்ப்பார்கள். உங்கள் ஐயா வயதில், எழுந்து நின்றால் தலை சுற்றி விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்ளும் ஆபத்தும் கணக்கில் சேர்கிறது. அவர் எண்ணை நீங்களும் உங்கள் எண்ணை அவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

"நெஞ்சு வலியே இல்ல. எக்கோ எதுக்கு?"

பி.பி. கூடுதலாக இருந்தால் இதயத்தின் இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் பலத்தோடு தள்ள வேண்டியிருக்கிறது. மூட்டை தூக்குகிறவரின் புஜம் மாதிரி அந்தச் சுவர் தடிக்கிறது. புஜம் தடித்தால் பலம். இதயச் சுவர் தடித்தால் விறைத்துப்போய், தளர்ந்து ரத்தத்தை வாங்கிக்கொள்ள முடியாமல் போகும். வருடங்கள் போனால் மூச்சு வாங்கும், துடிப்பு தாறுமாறாகும். நெஞ்சு வலி என்ற அடையாளமே இல்லாமல் இவ்வளவும் நடக்கும். இ.சி.ஜி.யில் சில நேரம் தெரியும், இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோவில் தெளிவாகத் தெரியும். நல்ல செய்தி, பி.பி.யை இறக்கினால் இந்தத் தடிப்பு குறையவும் செய்யும்.

எக்கோவில் இன்னொன்றும் பார்ப்பார்கள். இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள மைட்ரல் வால்வு பின்பக்கம் லேசாகப் புடைப்பது இந்த நோயில் மற்றவர்களைவிட அதிகம். பெரும்பாலும் தொந்தரவு இல்லை, கசிவு இருந்தால் மட்டும் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

"பி.பி. மாத்திரைதான் கிட்னியைக் கெடுக்குதுன்னு எல்லாரும் சொல்றாக."

எல்லோரும் சொல்கிறார்கள் என்பது மட்டும்தான் உண்மை. கெடுப்பது மாத்திரை அல்ல, மாத்திரை போடாத பி.பி. இந்த நோயில் முதலில் எழுதுவது பெரும்பாலும் ராமிப்ரில், எனலாப்ரில் வகை அல்லது டெல்மிசார்டான், லோசார்டான் வகை. மேலே சொன்ன ரெனின் சங்கிலியை வெட்டுபவை இவைதான், அதனால்தான் முதல் தேர்வு. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் கூடுதல் பலன் இல்லை என்று அதே ஹால்ட் ஆய்வில் தெரிந்துவிட்டது. பழைய சீட்டில் ஒன்று, புதுச் சீட்டில் இன்னொன்று என்று இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள்.

இந்த வதந்திக்கு ஒரு வேர் இருக்கிறது. மாத்திரை ஆரம்பித்த சில வாரங்களில் கிரியேட்டினின் சற்று ஏறலாம். 30 சதவீதம் வரை ஏறி அங்கேயே நின்றால் ஏற்கத்தக்கது, அதற்கு மேல் போனால் டாக்டர் மறுபடி பார்ப்பார். பொட்டாசியமும் ஏறக்கூடும். அதனால்தான் ஆரம்பித்து சில வாரத்துக்குள் ரத்தப் பரிசோதனை எழுதுகிறார்கள், அதைத் தவற விடாதீர்கள். ராமிப்ரில் வகையில் சிலருக்கு வறட்டு இருமல் வரும், சொன்னால் மாற்றித் தருவார்கள். அம்லோடிபின் என்ற இன்னொரு பி.பி. மாத்திரை போட்டுக் கால் வீங்கினாலும் அப்படியே, உடனே கிட்னி போய்விட்டது என்று பயப்பட வேண்டாம்.

"உப்பைக் குறைன்னா நம்ம சாப்பாட்டையே விடணுமா?"

வேண்டாம். மிளகு, சோம்பு, கல்பாசி, பட்டை, வரமிளகாய் இவற்றுக்கும் பி.பி.க்கும் சண்டை இல்லை. சண்டை உப்போடுதான். ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன். சமைக்கும்போது போடுவது, மேஜையில் தூவுவது, கடைப் பண்டத்தில் இருப்பது எல்லாம் சேர்த்து. உப்பு கூடினால் மேலே சொன்ன மாத்திரைகளும் பாதி வேலைதான் செய்யும்.

குழம்பில் உப்பைக் குறைப்பது பெரிய விஷயமில்லை, மிளகும் புளியும் ஈடு கட்டும். நம் வீடுகளில் உப்பு ஒளிந்திருப்பது தொட்டுக்கொள்ளும் சாமானில்: உப்புக்கண்டம், கருவாடு, மோர் மிளகாய், வத்தல், அப்பளம், ஊறுகாய். தயிர்ச் சோற்றுக்கு ரெண்டு மோர் மிளகாயும் ஒரு துண்டு ஊறுகாயும் வைத்துக்கொண்டு, "குழம்புல உப்பே போடுறதில்ல" என்பார்கள். வெள்ளைப் பணியாரத்தில் அதிகம் இல்லை, அதற்கு அரைக்கும் காரச் சட்னியில் இருக்கிறது. தேன்குழலும் சீடையும் ஆளுக்கு ரெண்டு என்றால் சரி, டின்னோடு உட்காரக் கூடாது. கல்யாண விருந்தில் இலையின் மேல் ஓரத்தைத் தொடாமல் விட்டாலே பாதி உப்பு குறையும்.

இந்துப்பும் உப்புதான், அதில் சலுகை இல்லை. கடையில் "சோடியம் குறைந்த உப்பு" என்று வருவதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். சிறுநீரகத் திறன் குறைந்தவர்களுக்கும், முந்தின பதிலில் சொன்ன மாத்திரை போடுபவர்களுக்கும் அது ஆபத்தாகலாம். டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

"வாழைத்தண்டுச் சாறு குடிச்சா கட்டி கரையுமாமே?"

இது கல் அல்ல, கரைவதற்கு. எந்தச் சாறும் கஷாயமும் இந்தக் கட்டியைக் கரைத்ததில்லை. சிறுநீரகத் திறன் குறைந்த பிறகு வாழைத்தண்டுச் சாறு, இளநீர் இரண்டும் பொட்டாசியத்தை ஏற்றி இதயத் துடிப்பையே தடுமாற வைக்கலாம். என்ன சேர்த்திருக்கிறது என்று தெரியாத பொடியும் பற்பமும் வேண்டவே வேண்டாம்.

கட்டி வளரும் வேகத்தைக் குறைக்க டோல்வாப்டான் என்ற மாத்திரை உண்டு. வேகமாக வளர்பவர்களுக்கு மட்டும்தான் எழுதுவார்கள். மூத்திரம் லிட்டர் கணக்கில் போகும், கல்லீரல் பரிசோதனை தவறாமல் பார்க்க வேண்டும். அதைப் போட்டாலும் பி.பி. மாத்திரை தனி.

"தைப்பூசத்துக்குப் பழனி நடக்கலாமா? வருசா வருசம் போறது."

பி.பி. கட்டுப்பாட்டில் இருந்து, டாக்டரும் சரி என்றால் நடக்கலாம். நடை இதயத்துக்கு நல்லதுதான். வம்பு நடையில் இல்லை, வழியில் இருக்கிறது. மூன்றாம் நாள் கால் வலிக்கும்போது பக்கத்தில் வருபவர் ஒரு மாத்திரை நீட்டுவார். டைக்லோஃபினாக், ஐபுப்ரோஃபன் போன்ற வலி மாத்திரைகள் பி.பி.யை ஏற்றும், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். தண்ணீர் குறைந்த உடம்பில் டெல்மிசார்டானும் இதுவும் சேர்ந்தால் ஒரே வாரத்தில் கிரியேட்டினின் இரண்டு மடங்கான கதை நடக்கும். பாராசிட்டமால் மட்டும் பையில் இருக்கட்டும்.

பி.பி. மாத்திரையை யாத்திரை முழுக்க எடுத்துப்போங்கள். விரதம் என்று நிறுத்த வேண்டாம். ஆனால் வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து தண்ணீரே தங்கவில்லை என்றால், ராமிப்ரில், டெல்மிசார்டான் வகையையும் மூத்திரம் போக்கும் மாத்திரையையும் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும். இதைக் கிளம்புவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சிறுநீரகம் ரொம்பப் பெருத்தவர்கள் பாரக் காவடியும் இடுப்பில் இறுக்கிக் கட்டுவதும் தவிர்க்கலாம். அடிபட்டால் கட்டி கிழிந்து மூத்திரத்தில் ரத்தம் வரும்.

"மக குழந்தைக்குப் பாக்குறா. அவளுக்கும் இந்த நோய் இருக்கு."

பி.பி. நார்மல், சிறுநீரகமும் நன்று என்றால் பெரும்பாலும் பிரசவம் நல்லபடியாக நடக்கும். பி.பி. இருந்தால் கர்ப்பத்தில் அது எகிறும் ஆபத்து அதிகம், கூடுதல் கண்காணிப்பு வேண்டும்.

முக்கியமானது, ராமிப்ரில், டெல்மிசார்டான் வகைகள் வயிற்றுப் பிள்ளைக்குக் கேடு. நாள் தள்ளிப் போன பிறகு யோசிப்பதைவிட, பிள்ளைக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் சொன்னால் லாபெடலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா என்று மாற்றித் தருவார். தானாக நிறுத்திவிட்டுச் சும்மா இருப்பதும் தப்பு.

"தலைவலி வந்தா மூளைல ரத்தக்குழாய் வெடிச்சிரும்னு பயமா இருக்கு."

மூளை ரத்தக்குழாயில் சின்னப் புடைப்பு இந்த நோயாளிகளில் நூற்றில் சுமார் பத்துப் பேருக்கு இருக்கும், மற்றவர்களைவிட அதிகம்தான். ஆனால் பெரும்பாலானவை வெடிப்பதில்லை. குடும்பத்தில் யாருக்காவது அப்படி மூளையில் ரத்தக்கசிவு வந்திருந்தால், அல்லது இளவயதில் திடீர் மரணம் நடந்திருந்தால், கட்டாயம் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பார்கள். சிகரெட்டை விடுங்கள், பி.பி.யை இறக்குங்கள். வாழ்க்கையில் வந்ததே இல்லாத கடும் தலைவலி, நொடியில் உச்சத்துக்குப் போவது, கூட வாந்தியோ கழுத்து விறைப்போ இருந்தால் மாத்திரை தேடாமல் 108ஐ அழையுங்கள்.

"பையனுக்கு 8 வயசு. இப்பவே ஸ்கேன் எடுத்துறவா?"

ஸ்கேனைவிட முதலில் பி.பி. பாருங்கள். பெற்றவருக்கு நோய் இருந்தால் 5 வயதிலிருந்தே பிள்ளையின் பி.பி.யை அவ்வப்போது, குழந்தைக்கான பட்டையில் பார்க்கச் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கு வயது, உயரம் பார்த்துத்தான் அளவு கணக்கிட வேண்டும், 120/80 என்ற பெரியவர் கணக்கு பொருந்தாது. கூடுதலாக இருந்தால் அப்புறம் ஸ்கேன். பி.பி. சரியாக இருந்தால் ஸ்கேன் எப்போது என்பதைப் பெற்றவர்கள் டாக்டரோடு பேசி முடிவு செய்யலாம்.

"தம்பிக்கு 31 வயசு, ஸ்கேன்ல ஒண்ணுமில்ல. அவன் கிட்னி குடுக்கலாம்ல?"

சாதாரண ஸ்கேன் சுத்தமாக இருப்பது இந்த வயதில் போதாது. 40 தாண்டியவருக்கு இரண்டு சிறுநீரகத்திலும் சேர்த்து 2 கட்டிக்குக் குறைவு என்றால் நோய் இல்லை என்று சொல்லிவிடலாம். அதற்குக் கீழே எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், பல இடங்களில் மரபணுப் பரிசோதனையும் கேட்பார்கள். கணவன் மனைவி கொடுப்பதில் இந்தச் சிக்கல் பொதுவாக இல்லை. சொந்தத்தில் கட்டியவர்கள் மட்டும் நான்காவது கேள்வியை இன்னொரு முறை படித்துவிடுங்கள்.

தம்பியின் பி.பி. என்ன? கேட்டால் "அவனுக்கென்ன, நல்லாத்தான் இருக்கான்" என்பார்கள். 31 வயதில் 140க்கு மேல் இருந்தால் தானம் தருவதை விடுங்கள், முதலில் அவருக்கே டாக்டர் வேண்டும்.

"டயாலிசிஸ் ஆரம்பிச்சாச்சு. இனி பி.பி.யைப் பாத்து என்ன ஆகப்போகுது?"

இப்போதுதான் அதிகம் பார்க்க வேண்டும். இரண்டு டயாலிசிஸுக்கு இடையில் ஏறும் எடை முழுக்கத் தண்ணீர், அதைத் தள்ளுவது எட்டாவது கேள்வியில் சொன்ன அதே தடித்த இதயம். ஐந்தாவது கேள்வியில் சொன்ன முறையிலேயே, டயாலிசிஸ் இல்லாத நாட்களில் வீட்டில் எடுத்து எழுதுங்கள். டயாலிசிஸ் செய்யும் இடத்தில் எடுக்கும் அளவு முன்னே ஒன்று, பின்னே ஒன்று என்று ஆடும். உப்பைக் குறைத்தால் தாகம் குறையும், தண்ணீர் தானாகக் குறையும்.

டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட கையில் பி.பி. பார்க்க விடாதீர்கள், ரத்தம் எடுக்கவும் விடாதீர்கள். அவசரத்தில் பட்டையைத் தூக்கிக்கொண்டு வருபவர் நானாகவே இருந்தாலும், மற்ற கையை நீட்டுங்கள்.